யானைக்கும் அடி சறுக்கும்



சென்ற மாதம் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு மூன்று நாள் சரியாகத் தூங்கவிடவில்லை. எழுதியவர் ஒரு தாய். நாங்கள் முன்பு இருந்த அதே தோட்டத்தில் இருந்தவர். இன்று மகனோடு பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அவர் எழுதியிருந்தது இதுதான்:

“அண்ணே, என் மகனுக்கு வயது இருபத்திரண்டு. நல்ல பிள்ளை. சிகரெட்டு இல்லை, குடி இல்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அப்பாவின் பழைய காரை எடுத்துக்கொண்டு, கார் சறுக்கிப் பழகப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறான். காசு கட்டிச் சறுக்குகிறார்களாம்! சறுக்காமல் ஓட்டத்தானே ஊரில் எல்லாரும் படிக்கிறார்கள்? இவனைத் தடுக்கவா, விடவா? உங்கள் அண்ணனுக்கு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.”

மறக்கவில்லை, தங்கச்சி. எப்படி மறப்பேன்?

அண்ணன் சொன்ன சொல்

1979-ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினேழு, அண்ணனுக்கு இருபத்து நான்கு. அண்ணன் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் ஒரு பழைய டட்சன் 120ஒய் வாங்கியிருந்தார். இரண்டு வாரம் மழையே இல்லாமல் காய்ந்து கிடந்து, அன்று மாலைதான் தூறல் விழுந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்துச் செம்மண் சடக்கு தார்ச் சடக்கில் வந்து சேரும் வளைவில், எதிரே ஒரு லோரி. அண்ணன் பிரேக்கை மிதித்தார். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினார். கார் திரும்பவில்லை. கோடு போட்டது போல் நேராகப் போய்க் கானில் விழுந்து தென்னை மரத்தில் மோதி நின்றது. எனக்குக் கீறல்தான். அண்ணனுக்கு முழங்கால் நொறுங்கியது. அதன் பிறகு ஆயுள் முழுவதும் அவர் காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தார்.

“பிரேக் பிடிக்கல. வண்டி என் பேச்சக் கேக்கல” என்று அண்ணன் எல்லாரிடமும் சொன்னார். பட்டறையில் பார்த்தவர்களோ, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பிறகென்ன? “குடிச்சிருப்பான்”, “வேகமா வந்திருப்பான்” என்று லயத்தில் பேச்சு. உண்மையைச் சொல்கிறேன்: பக்கத்தில் இருந்த நானே அண்ணனை முழுதாக நம்பவில்லை.

அந்தத் தாயின் கடிதத்துக்கு வீட்டில் உட்கார்ந்துகொண்டு பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பையனுக்குப் போன் செய்தேன். “மாமா, நீங்களே வந்து பாருங்க” என்றான். அடுத்த ஞாயிறு அவனோடு கிளம்பினேன்.

திடலில் கண்டது

நான் எதிர்பார்த்தது டயர் புகை, கூச்சல், கைத்தட்டல். கண்டதோ ஒரு பள்ளிக்கூடம் போல் இருந்தது. ஒரு விளையாட்டரங்கின் பரந்த கார் நிறுத்துமிடம். வாடகைக்கு எடுத்துச் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். விளக்குக் கம்பம், கான், சுவர் எதுவும் அருகில் இல்லாத இடமாகப் பார்த்து ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் தண்ணீர் லோரி தார்த்தரையை நனைத்துக்கொண்டிருந்தது.

முதலில் காரைச் சோதிக்கிறார்கள். சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா? பேட்டரி ஆடாமல் கட்டப்பட்டிருக்கிறதா? டயரில் போதிய காற்றும் பட்டையும் உண்டா? காருக்குள் இருக்கும் தண்ணீர்ப் போத்தல், செருப்பு, கால்மிதி, குடை எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு போத்தல் உருண்டு பிரேக் மிதியின் அடியில் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்! நம் வீட்டுக் காரில் இன்று எத்தனை போத்தல் உருண்டுகொண்டிருக்கிறது?

பிறகு தலைக்கவசம், சீட் பெல்ட். பாதையை எல்லாரும் காலால் நடந்து பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்தான் ஓடலாம். ஒவ்வொரு மூலையிலும் கொடியோடும் தீயணைப்புக் குப்பியோடும் ஆள் நிற்கிறார். சிவப்புக் கொடி காட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இதற்கு ஆட்டோகிராஸ் என்றும் ஜிம்கானா என்றும் பெயர் சொல்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் முட்டி மோதும் பந்தயம் அல்ல. கூம்பைச் சாய்க்காமல் யார் குறைந்த நேரத்தில் வருகிறார் என்று கடிகாரம் பார்த்துச் சொல்லும் போட்டி. வந்திருந்தவர்கள் யாரும் தொழில்முறை ஓட்டுநர் அல்லர். குமாஸ்தா, தாதி, ஆசிரியர், மெக்கானிக். கார்களும் அவர்கள் அன்றாடம் வேலைக்கு ஓட்டிப் போகும் கார்கள்தான்.

பத்து வெள்ளிக் கணக்கு

பயிற்சி கொடுத்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சீன நண்பர். காரை எடுப்பதற்கு முன் அவர் மலாயில் சொன்ன பாடத்தை நம் வீட்டுக் கணக்கில் சொல்கிறேன்.

கார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஆக மொத்தம் நான்கு உள்ளங்கை. அந்தப் பிடிப்பைக் கொண்டுதான் கார் ஓடுகிறது, நிற்கிறது, திரும்புகிறது. இந்தப் பிடிப்பு கையில் இருக்கும் பத்து வெள்ளி மாதிரி. பிரேக்குக்கு ஐந்து, திருப்பத்துக்கு ஐந்து என்று செலவு செய்யலாம். பத்தையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால், திரும்புவதற்கு ஒரு காசும் மிஞ்சாது. மழை பெய்தால் அந்தப் பத்து வெள்ளி ஆறாகவோ ஐந்தாகவோ சுருங்கிவிடும். செலவு மட்டும் பழையபடி செய்தால்? அந்தக் கடனின் பெயர்தான் சறுக்கல்.

நெடுநாள் காய்ந்த சாலையில் முதல் தூறல் விழும்போதுதான் ஆபத்து அதிகம். தரையில் படிந்த எண்ணெயும் தூசும் தண்ணீரோடு கலந்து பசை போல் ஆகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிய பிறகு அந்த வழுக்கல் ஓரளவு குறையும். ஆனால் சாலையில் தண்ணீர் தேங்கினால் வேறொரு தொல்லை உண்டு. வேகம் கூடக் கூட, டயர் தண்ணீரைக் கிழிக்க முடியாமல் அதன் மேலேயே ஏறி மிதக்கத் தொடங்கும். 30 பவுண்டு காற்றுள்ள டயருக்கு அந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் என்பது பொதுவான கணக்கு. காற்றுக் குறைந்தாலும் பட்டை தேய்ந்தாலும் அதற்கு முன்பே மிதக்கும். பட்டையின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். 1.6 வரை தேயட்டும் என்று காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

நேராகப் போன கார்

பையனுடைய கார் 90-களில் வாங்கிய புரோட்டோன் சாகா. ஏ.பி.எஸ். பிரேக் இல்லாத பழைய வண்டி. நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். நனைந்த தரையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போய், ஒரு கூம்பு வந்ததும் பிரேக்கை முழுக்க மிதித்து, ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். இதுதான் முதல் பாடம்.

மிதித்தான். திருப்பினான். சக்கரங்கள் பூட்டுப் போட்டது போல் நின்றுவிட்டன. முன்சக்கரம் இடப்பக்கம் பார்க்கிறது, காரோ நேராகவே வழுக்கிக்கொண்டு போகிறது. கூம்புகள் படபடவென்று சாய்ந்தன.

அன்பர்களே, என் கை தானாகக் கதவைப் பிடித்துக்கொண்டது. நான் திடலில் இல்லை. 1979-இல், அந்த வளைவில் இருந்தேன்.

“இன்னொரு தடவை. இப்போது கார் வழுக்கும்போது பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் எடு” என்றார் பயிற்சியாளர். அதே வேகம், அதே கூம்பு. வழுக்கியது. பையன் காலைத் தளர்த்தினான். சக்கரம் உருண்டது. உருண்ட அந்த நொடியே கார் இடப்பக்கம் திரும்பிக் கூம்பைத் தொடாமல் விலகிப் போனது.

விஷயம் இவ்வளவுதான்: உருளும் சக்கரம்தான் திரும்பும். பூட்டிக்கொண்ட சக்கரம் எந்தப் பக்கம் பார்த்தாலும் பயனில்லை. இப்போது வரும் கார்களில் உள்ள ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி தானே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஆபத்தில் பிரேக்கை உறுதியாக மிதித்தபடியே திருப்ப வேண்டும். மிதி காலடியில் அதிரும். அது கோளாறு அல்ல, பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். உங்கள் கார் எந்த வகை என்பதை இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

வால் வீசினால்

அடுத்த பாடம் பின்பக்கம் சறுக்குவது. பயிற்சியாளர் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வட்டத்தில் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஹேண்ட்பிரேக்கை இழுப்பார். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு காரின் வால் வெளியே வீசும். அப்போது செய்ய வேண்டியது: வால் வலப்பக்கம் ஓடினால் ஸ்டியரிங்கையும் வலப்பக்கம் திருப்ப வேண்டும், இடப்பக்கம் ஓடினால் இடப்பக்கம். கால் பிரேக்கை நாடக்கூடாது. கார் நேரானதும் ஸ்டியரிங்கையும் உடனே நேராக்க வேண்டும். தாமதித்தால் வால் எதிர்ப்பக்கம் இன்னும் வேகமாக வீசும். பலர் முதல் சறுக்கலில் தப்பி, இரண்டாவதில்தான் மாட்டுகிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் கண். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். மோதப் பயப்படும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கை அங்கேதான் கொண்டுபோகும். இதைக் காதால் கேட்டால் சுலபம். ஆனால் சறுக்கும் அந்த ஒரு நொடியில் யோசிக்க நேரம் இருக்காது. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நொடிக்குள் கார் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். அதனால்தான் கைக்கும் காலுக்கும் பழக்கம் வேண்டும் என்கிறார்கள்.

மாலையில் கடிகாரம் வைத்து ஓடவிட்டார்கள். பையன் முதல் ஓட்டத்தில் டயர் அலற, வால் வீச, சினிமா போல் ஓட்டினான். நேரம் 41 விநாடி. “சத்தமில்லாமல் ஓட்டிப் பார்” என்றார் பயிற்சியாளர். இரண்டாம் ஓட்டத்தில் வீச்சும் இல்லை, புகையும் இல்லை. நேரம் 38 விநாடி! தார்த்தரையில் சறுக்குகிற டயர் பிடிப்பை இழந்த டயர். அது பார்வைக்கு வேகம், கணக்கில் நஷ்டம்.

செம்மண், சரளைக்கல் பாதையில் கதை வேறு. அங்கே ராலி ஓட்டுநர்கள் வளைவுக்கு முன்பே காரை வேண்டுமென்று சறுக்கவிட்டு மூக்கைத் திருப்பிக்கொள்வார்கள். நம் நாட்டுக் கரம்ஜித் சிங், துணை ஓட்டுநர் எலன் ஓவுடன் 2002-ஆம் ஆண்டு உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி விருதை வென்றது இந்த வித்தையில் தேர்ந்ததால்தான். ஆசிய பசிபிக் ராலியின் மலேசியச் சுற்றே ஜொகூரின் செம்பனைத் தோட்டச் சடக்குகளில் நடந்திருக்கிறது. நாம் சைக்கிள் மிதித்த அதே மாதிரிச் செம்மண் சடக்கு! ஆனால் அன்று அந்தச் சடக்குகளை மூடி, ஆள் நடமாட்டத்தை நிறுத்தி, மருத்துவ வண்டியும் நிறுத்தி வைத்துத்தான் ஓடவிட்டார்கள் என்பதை இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது.

ஒரு தாயின் பயம் தவறா?

இதுவரை படித்துவிட்டு, “அப்படியென்றால் எல்லாப் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டியதுதானே?” என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். தாயின் பயத்திலும் உண்மை உண்டு.

பனி விழும் நார்வே நாட்டில் புதிய ஓட்டுநர்களுக்குச் சறுக்கல் பயிற்சியைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். 1988-இல் வெளிவந்த ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? இளைஞர்களிடையே வழுக்குச் சாலை விபத்து குறையவில்லை, கூடியது. காரணம் தலைக்கனம். “எனக்குத்தான் சறுக்கலைச் சமாளிக்கத் தெரியுமே” என்று வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். சுவீடனில் 1996-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் இரண்டு குழுக்கள். ஒரு குழுவுக்கு வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். மறு குழுவுக்கு, அவர்களுடைய திறமை எவ்வளவு சிறியது என்பதைக் காட்டிக்கொடுத்தார்கள். பிறகு சோதித்தால் இரு குழுவின் திறமையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வித்தை கற்ற குழு, தன்னைப் பெரிய கெட்டிக்காரனாக நினைத்துக்கொண்டது.

ஆகவே, தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. மகனைத் தடுக்க வேண்டாம். ஆனால் மூன்று நிபந்தனை வையுங்கள்.

ஒன்று: முறைப்படி பதிந்த சங்கம், அனுமதி பெற்ற இடம், சோதனை, தலைக்கவசம், கொடி பிடிக்கும் ஆள் இவை இருக்கும் இடத்துக்கு மட்டும் போக வேண்டும். நடுராத்திரியில் காலியான கார் நிறுத்துமிடமும் தோட்டச் சடக்கும் பயிற்சித் திடல் ஆகா. அங்கே எந்த நேரமும் ஒரு குழந்தை ஓடிவரலாம். அனுமதியில்லாமல் சாலையில் பந்தயம் விடுவதை 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடுக்கிறது.

இரண்டு: டயர் செலவும் பதிவுக் காசும் அவன் சம்பளத்திலிருந்து போகட்டும். காசின் அருமை தெரிந்தவனுக்கு டயரின் அருமையும் தெரியும்.

மூன்று: அவன் திடலில் எப்படி ஓட்டினான் என்று கேட்காதீர்கள். திரும்பி வரும்போது எப்படி ஓட்டுகிறான் என்று பாருங்கள். பயிற்சிக்குப் பிறகு வேகம் கூடியிருந்தால் அன்றோடு சாவியை வாங்கி வைத்துவிடுங்கள்.

மூன்றாவதை நானே பார்த்துவிட்டேன். அன்று மாலை திரும்பும்போது நல்ல மழை. ஓரிடத்தில் லோரிகள் செம்மண்ணைத் தாரில் இழைத்துவிட்டுப் போயிருந்தன. வளைவுக்கு வெகு முன்பே பையன் காலை எடுத்து, கியரைக் குறைத்து, 40-க்கு இறங்கினான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். இவன் கண்டுகொள்ளவில்லை.

“ஏன் தம்பி இவ்வளவு மெதுவா?” என்று வேண்டுமென்றே கேட்டேன்.

“காலையில எத்தன கூம்பு சாஞ்சதுன்னு நீங்க பாத்தீங்கல்ல, மாமா. இங்க கூம்பு இல்ல. கான்தான் இருக்கு” என்றான்.

யானைக்கும் அடி சறுக்கும். அதைத் தன் காலால் உணர்ந்த யானை அடுத்த அடியைப் பார்த்து வைக்கும். திடலில் அவன் படித்து வந்த பாடம் அதுதான், தங்கச்சி. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

எனக்குத்தான் அன்றிரவும் தூக்கம் வரவில்லை. அண்ணன் 2011-இல் காலமாகிவிட்டார். கடைசிவரை அவர் சொன்னது, “வண்டி என் பேச்சக் கேக்கல” என்ற ஒரே சொல்தான். பட்டறைக்காரர் சொன்னதும் மெய், பிரேக்கில் குறையில்லை. அண்ணன் சொன்னதும் மெய். பூட்டிக்கொண்ட சக்கரம் எப்படிப் பேச்சைக் கேட்கும்? அவர் குடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை. காலைத் தளர்த்த வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அவர் இருக்கும்போதே இதை நான் தெரிந்துகொண்டு, “அண்ணே, நீங்க சொன்னது சரி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது இருக்கலாம். விபத்துக்குப் பிறகு அவர் சொன்னதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இன்று ஒரு முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். அதற்குள் டயரைக் குனிந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். வணக்கம்.